பழைய லேப்டாப் ரவுட்டர் ஆகுமா?

கெடு நெருங்க நெருங்க வாசகர் கடிதங்களில் குழப்பம் கூடிக்கொண்டே போகிறது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு கொடுத்தது. அதற்கான கடைசி நாள் 2026 அக்டோபர் 13. “அன்றோடு என் லேப்டாப் ஆன் ஆகாதா?” என்கிறார் சேலையூர் வாசகர். “ரவுட்டராக மாற்றிவிட்டால் கனெக்‌ஷன் இல்லாமலே நெட் வருமாமே?” என்கிறார் முடிச்சூர் வாசகர்.

ஆன் ஆகும். வராது.

‘ஆதரவு முடிகிறது’ என்று கம்பெனி சொல்வதை வீட்டுத் தமிழில் சொன்னால், இனி ஓட்டை தெரிந்தாலும் அடைக்கமாட்டோம், புது மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தையது ஆகாது என்று கோடு கிழித்ததும் அவர்களேதான். மெஷின் தேய்ந்துபோகவில்லை, பட்டியலிலிருந்து அதன் பெயரை அடித்துவிட்டார்கள்.

குழம்புகிறவர்களில் பாதிப் பேர் கையில் இருப்பது அரசு தந்த விலையில்லா லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா தொடங்கிய திட்டம். எல்காட் கொள்முதல் செய்து, 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தாயிற்று என்பது அரசுக் கணக்கு. கொடுத்ததை எண்ணிய கணக்கு அது, இன்று ஓடுவதை எண்ணியதல்ல. ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றில் இருந்தது விண்டோஸ் 7. அதன் கெடு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துபோனது. அந்த லேப்டாப்பை இன்னும் வைத்திருப்பவர் அக்டோபரை நினைத்துப் பதறுவதில் பொருளில்லை.

அதே லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கியது. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சி-டாக்கும் கூட்டாக நடத்திய கட்டற்ற மென்பொருள் வள மையத்தோடு வளர்ந்தது. பூட் ஆகும்போது எது வேண்டும் என்று கேட்கும் திரையில் அதைத் தேர்ந்தெடுத்த மாணவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ரவுட்டர் வேலைக்கு இப்போது தேவைப்படுவது அந்த லினக்ஸ் குடும்பம்தான்.

எதற்காக மாற்ற வேண்டும்?

வெறும் ரவுட்டர் வேண்டும் என்றால் மாற்றவே வேண்டாம். லைன் கொடுத்தவர் மாட்டிவிட்டுப் போன பெட்டியே ரவுட்டர்தான். லேப்டாப்பை அந்த இடத்தில் உட்கார வைக்க எனக்குத் தெரிந்து உருப்படியான காரணம் ஒன்றுதான்.

இரவு எட்டு மணி, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீடு. ஒருவர் வெளிநாட்டு டீமோடு வீடியோ காலில் இருக்கிறார். ஹால் சோபாவில் சார்ஜில் கிடக்கும் போன், நேற்றைய கல்யாண வீடியோக்களை கிளவுடுக்கு ஏற்றத் தொடங்குகிறது. பேசிக்கொண்டிருந்தவர் முகம் பாதி திறந்த வாயோடு உறைகிறது. “நெட் ஸ்லோ” என்று கேபிள்காரருக்கு போன் போகிறது. மறுநாள் காலை அவர் வந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டுகிறார்: 98. அவர் சொல்வதும் பொய்யில்லை.

விற்கப்படும் ‘வேகம்’ என்பது ஒரு நொடியில் எவ்வளவு டேட்டா போகும் என்ற அளவு. அந்த டேட்டாவின் ஒரு துண்டு, அதாவது ஒரு பாக்கெட், போய்ச் சேர எத்தனை மில்லிநொடி ஆகும் என்பது வேறு கணக்கு, அதை எந்த விளம்பரத் தட்டியிலும் எழுதுவதில்லை. ‘100 எம்பிபிஎஸ் வரை’ என்பதில் ‘வரை’தான் முக்கியமான சொல். பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச வேகமோ 2 எம்பிபிஎஸ். அதுவும் 2023-ல்தான் உயர்த்தினார்கள், அதற்கு முன் 512 கேபிபிஎஸ்.

அப்லோட் 10 எம்பிபிஎஸ் உள்ள லைன் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் பாக்கெட்டுகள் காத்திருக்க 1 மெகாபைட் பஃபர் இருக்கிறது. போன் அதை நிரப்பிவிடுகிறது. 1 மெகாபைட் என்றால் 8 மெகாபிட், 10 எம்பிபிஎஸ் லைனில் அது காலியாக 0.8 நொடி ஆகும். காலில் நீங்கள் சொன்ன “ஹலோ” அந்த வரிசையின் வாலில் போய் நிற்கிறது. இதற்கு பஃபர்ப்ளோட் என்று 2010 வாக்கில் பெயர் வைத்தவர் ஜிம் கெட்டிஸ்.

பஃபரை ஏன் அவ்வளவு பெரிதாக வைத்தார்கள்? மெமரி மலிவாகிவிட்டது. பாக்கெட் தொலைந்தால் குறை என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. ஆனால், தொலைய வேண்டியது தொலைந்தால்தான் நெட் ஒழுங்காக ஓடும். 1986 அக்டோபரில், பெர்க்லியில் ஒரு ஆய்வகத்துக்கும் பக்கத்தில் இருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே, நானூறே கெஜம் தூரத்தில், 32 கேபிபிஎஸ் ஓடிய லைன் நொடிக்கு 40 பிட்டுக்குச் சரிந்தது. எல்லா மெஷின்களும் விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்ததுதான் காரணம். வேன் ஜேக்கப்சன் 1988-ல் தீர்வை எழுதினார்: ஒரு பாக்கெட் தொலைந்தால், நெரிசல் என்று புரிந்துகொண்டு அனுப்புகிறவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். இன்றைக்கும் நெட்டின் பெரும்பகுதி இந்தக் குறிப்பை நம்பித்தான் நடக்கிறது. பெரிய பஃபர் வைத்த பெட்டி எதையும் தொலைக்காமல் பதுக்கி வைத்துக்கொள்கிறது. குறிப்பு போய்ச் சேராததால் உங்கள் போன் மேலும் மேலும் தள்ளுகிறது.

அதே ஜேக்கப்சன் 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸோடு சேர்ந்து கொடுத்த மருந்துதான் கோடெல். எனக்கு இதில் பிடித்தது அதன் எளிமை. வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் நுழையும்போது நேரம் குறித்து, வெளியேறும்போது எவ்வளவு நேரம் நின்றது என்று மட்டும் பார்க்கிறது. 5 மில்லிநொடிக்குக் கீழே இருந்தால் சும்மா இருக்கும். 100 மில்லிநொடி முழுக்கக் காத்திருப்பு அந்த 5-க்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் ஒரு பாக்கெட்டைத் தூக்கிப் போடும். அப்படியும் வரிசை இளகவில்லை என்றால் அடுத்தடுத்து இன்னும் சீக்கிரம் சீக்கிரம் போடும். திடீரென்று வந்து கலைந்துபோகும் கூட்டத்தை அது தொடாது, நகராமல் நிற்கும் கூட்டத்தைத்தான் கலைக்கும்.

இதோடு இன்னொரு ஏற்பாட்டையும் சேர்த்து எரிக் டுமாசே அதே ஆண்டு லினக்ஸுக்குள் கொண்டுவந்தார். தாம்பரம் ஸ்டேஷன் கவுண்டரில் நாற்பது பேருக்கு மொத்தமாக டிக்கெட் எடுக்க வந்தவருக்கும், பல்லாவரத்துக்கு ஒரே டிக்கெட் கேட்பவருக்கும் தனித்தனி வரிசை வைத்து, ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிக் கொடுப்பது போன்றது அது. மொத்தமாக எடுக்க வந்தவருக்கு நஷ்டம் அதிகமில்லை, ஒற்றை டிக்கெட்காரர் உடனே ரயில் ஏறிவிடுவார். வீடியோ கால் அந்த ஒற்றை டிக்கெட்காரர். இதன் மேம்பட்ட வடிவமான கேக் 2018-ல் லினக்ஸில் சேர்ந்தது. இவற்றை வீட்டு ரவுட்டர்களுக்குக் கொண்டுபோக ஓயாமல் வாதாடிய டேவ் டாட் 2025 ஏப்ரலில் காலமானார்.

இதில் ஒரு நெருடலும் உண்டு. உங்கள் லேப்டாப்பிலிருந்து ஃபைபர் பெட்டிக்குப் போகும் கேபிள் ஜிகாபிட். அதற்கு அப்பால்தான் லைன் குறுகுகிறது. வரிசை நிற்பது அந்தக் குறுகலில், கம்பெனியின் பெட்டிக்குள். அங்கே உங்கள் கை எட்டாது. எனவே லேப்டாப்பே எல்லாவற்றையும்விடக் குறுகலாக வேண்டும். 100 லைனுக்குப் பணம் கட்டிவிட்டு 92-ல் நாமே கடிவாளம் போட வேண்டும். அப்போதுதான் வரிசை நம் வீட்டுக்கு வரும், கோடெல் அதை மேய்க்கும். டவுன்லோட் பக்கம் இதுவும் அரைகுறைதான். வந்து சேர்ந்த பாக்கெட்டைத் தூக்கிப் போட்டு, அனுப்புகிறவரை மெதுவாக்கச் சொல்கிறோம். நடைமுறையில் வேலை செய்கிறது. ஆனால் சாயங்காலக் கூட்டத்தில் லைனே 60-க்கு விழுந்துவிட்டால் 92 என்ற அளவு செல்லாது, வரிசை பழையபடி அவர்கள் பெட்டிக்குப் போய்விடும். புறநகரில் நம்பத்தக்க எண் என்பது இரவு ஒன்பது மணிக்குக் கிடைக்கும் எண். கடிவாளத்தை அதற்குக் கீழே போடுங்கள்.

இந்த மென்பொருளுக்கு விலை கிடையாது. கம்பெனிகள் தங்கள் பெட்டியிலேயே போட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டையும் எடுத்துப் பார்க்க பிராசஸருக்குத் தெம்பு வேண்டும். மலிவு ரவுட்டர்கள் பிராசஸரைத் தொடாமல் ஒரு குறுக்குவழியில் பாக்கெட்டைக் கடத்திவிட்டுத்தான் பெரிய எண்களைக் காட்டுகின்றன. கோடெலைப் போட்டால் அந்தக் குறுக்குவழி அடைபட்டு, 100-ஐத் தாண்டுவதற்குள் பலதுக்கு மூச்சு வாங்கும். பத்து வருடப் பழைய ஐ3 லேப்டாப் இதே வேலையை ஃபேன் சத்தம் கூட எழாமல் செய்யும். எனவேதான் லேப்டாப்.

நம் வீட்டுக்குத் தேவையா?

ஃபாஸ்ட் டாட் காம் திறந்து, டெஸ்ட் முடிந்ததும் கூடுதல் விவரத்தை அழுத்துங்கள். லோடு இல்லாதபோது, லோடு இருக்கும்போது என்று லேட்டன்சி, அதாவது பாக்கெட் போய்வரும் நேரம், இரண்டு எண்களாக வரும். இரண்டுக்கும் வித்தியாசம் 20, 30 மில்லிநொடி என்றால் லேப்டாப்பைப் பரணிலேயே விடுங்கள். 200-க்கு மேல் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

என்ன வாங்க வேண்டும்?

யுஎஸ்பி 3.0 ஜிகாபிட் லேன் அடாப்டர் ஒன்று. ரிச்சி தெருவில் கிடைக்கும். ரவுட்டருக்கு இரண்டு போர்ட் வேண்டும், லேப்டாப்பில் இருப்பது ஒன்று. மலிவு லேப்டாப் பலவற்றில் அந்த ஒன்றும் 100-க்கு மேல் போகாது, பிளானைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டருக்கென்றே உள்ள லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டியின் எக்ஸ்86 இமேஜை பென்டிரைவில் எழுதி அதிலிருந்தே பூட் செய்யலாம், ஹார்ட் டிஸ்க்கில் உள்ள போட்டோக்களுக்கு ஆபத்தில்லை. அடாப்டரின் டிரைவர் அதில் இல்லாமல் போகலாம். அவர்கள் தளத்தில் இமேஜ் தேர்ந்தெடுக்கும் பக்கத்திலேயே அதையும், மேலே சொன்ன கடிவாளத்தைப் போடும் எஸ்க்யூஎம் பேக்கேஜையும் சேர்த்துவிட்டால் பாதி தலைவலி குறையும். அடாப்டர் ஃபைபர் பெட்டிக்கு, லேப்டாப்பின் சொந்த போர்ட் பழைய வைஃபை ரவுட்டருக்கு. அந்த ரவுட்டரில் வான் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகி, டிஹெச்சிபியை அணைத்துவிட வேண்டும். இனி அதன் வேலை வைஃபை கொடுப்பது மட்டும். முக்கால்வாசிப் பேர் விழும் குழி ஒன்று உண்டு: ஃபைபர் பெட்டியும் 192.168.1.1, ஓப்பன்டபிள்யூஆர்டியும் 192.168.1.1. லேப்டாப்பை 192.168.2.1 என்று மாற்றாமல் எதையும் செருகாதீர்கள்.

லேப்டாப்பின் வைஃபையே போதாதா?

இன்டெல் கார்டு என்றால் 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் ஆக மறுக்கும், போதாது.

விண்டோஸ் மொபைல் ஹாட்ஸ்பாட்டை வைத்து ஓட்டலாமா?

எட்டு கருவிகள்தான் சேரும், வரிசை மேய்ப்பும் கிடையாது, அப்டேட் நின்ற விண்டோஸை வாசலில் காவலுக்கு வைப்பது வேறு.

பிஎஸ்என்எல் ஃபைபர்?

பிபிபிஓஇ யூசர் நேம், பாஸ்வேர்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியை பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லுங்கள்.

எல்லாம் சரி, நெட் மட்டும் வரவில்லையே?

உங்கள் கேபிள்காரர் பழைய ரவுட்டரின் மேக் அட்ரஸைப் பூட்டி வைத்திருக்கலாம், அந்த எண்ணை லேப்டாப்புக்குக் கொடுங்கள்.

வெளியூரிலிருந்து வீட்டு கேமரா தெரியுமா?

உங்களுக்குக் கிடைத்த முகவரி 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் நேரடியாகத் தெரியாது. வெளியுலகுக்குத் தெரிவது பலர் பங்குபோடும் வேறொரு முகவரி, அதை லேப்டாப்பால் மாற்ற முடியாது.

கரண்ட் பில்?

15 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 22 யூனிட் அளவில் வரும், 500 யூனிட் எல்லையில் நிற்கும் வீடுகள் யோசிக்கவும்.

கரண்ட் போனால்?

பேட்டரி நன்றாக இருந்தால் லேப்டாப் ஓடும், ஃபைபர் பெட்டியும் வைஃபை ரவுட்டரும் ஓடாது, அவற்றுக்கு ஒரு மினி யுபிஎஸ் வேண்டும்.

தமிழில் யாராவது சொல்லித்தருவார்களா?

கணியம் தளத்தில் லினக்ஸ் கட்டுரைகள் 2012 முதல் தமிழில் இருக்கின்றன.

பேட்டரி கொஞ்சம் உப்பியிருக்கிறது, பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை. இன்றே கழற்றுங்கள், பெரும்பாலான பழைய மாடல்கள் பேட்டரி இல்லாமலே சார்ஜரில் ஓடும்.