கணிதம் படிக்கலாம்... எந்தக் கணிதம், எந்த வரிசையில்?

1905 டிசம்பரில் தொடங்கி 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக் நோய் தாண்டவமாடியது. வாரத்துக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு ஏட்டில் ஏறியது. சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, எடின்பரோ ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்த இருவர் அந்தக் கணக்கைக் கையில் எடுத்தார்கள். ஒருவர் ஆண்டர்சன் மெக்கென்ட்ரிக். இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். கசௌலி பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்த மருத்துவர். மற்றவர் வில்லியம் கெர்மாக். 1924இல் ஆய்வக விபத்தில் இரு கண்களின் பார்வையையும் இழந்த வேதியியலாளர்.

நோய் தொற்றக்கூடியவர்கள், தொற்றியவர்கள், நோயிலிருந்து விலகியவர்கள் என்று மக்களை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு ஆட்கள் எந்த வேகத்தில் நகர்கிறார்கள் என்பதை மூன்று வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதினார்கள். அதிலிருந்து கிடைத்த வளைகோடு, பம்பாயின் வாராந்திர இறப்புக் கணக்கோடு நெருக்கமாகப் பொருந்தியது. 1927இல் வெளியான அந்தக் கட்டுரையின் வழிவந்த மாதிரிகள்தான் கொரோனா காலத்தில் உலகெங்கும் பயன்பட்டன.

நடப்பு உலகின் சிக்கலைச் சமன்பாடாக்குவது, அதைத் தீர்ப்பது, விடையை உண்மையான தரவோடு ஒப்பிடுவது, பொருந்தாவிட்டால் சமன்பாட்டைத் திருத்துவது... பயன்பாட்டுக் கணிதம் என்பது இந்த நான்கும் சேர்ந்த வேலை. இதற்கான விதைகள் தமிழ்நாட்டின் பிளஸ் டூ கணிதப் புத்தகத்திலேயே இருக்கின்றன. அணிகள், சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவுப் பரவல்கள் என்று மூன்று பாடங்களை மாணவர்கள் அதில் படித்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வருகிறார்கள். ஆனாலும் விண்ணப்பம் போடும் நேரத்தில் பல வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: “கணக்குப் படிச்சா வாத்தியார் வேலைதானே?”

ஆசிரியர் பணி நல்ல பணி. ஆனால் அது ஒன்றுதான் வழி என்பது உண்மையல்ல. மூன்று ஆண்டுப் படிப்பைத் திட்டமிட்டுப் படிப்பவருக்குக் காப்பீடு, வானிலை, தரவு அறிவியல், பொறியியல் ஆய்வு என்று பல கதவுகள் திறக்கின்றன.

பட்டத்தின் பெயரும் பாடத்திட்டமும்

‘பயன்பாட்டுக் கணிதம்’ என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டம் தரும் கல்லூரிகள் குறைவு. பெரும்பாலான மாணவர்கள் சேர்வது பி.எஸ்சி. கணிதம். அதனால் ஒரு குறையும் இல்லை. கல்லூரியின் இணையதளத்தில் இருக்கும் பாடத்திட்டத்தை எடுத்து, ஆறு செமஸ்டரையும் வரிசையாகப் படித்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். நிகழ்தகவும் புள்ளியியலும் எத்தனை தாள்? எண்ணியல் முறைகள் முதன்மைப் பாடமா, விருப்பப் பாடமா? நிரல் எழுதும் லேப் உண்டா? துணைப்பாடமாக இயற்பியல், புள்ளியியல், கணினி அறிவியல் ஆகியவற்றில் எதைத் தருகிறார்கள்? சேர்க்கைக்கு முன்பே இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும்.

நுழைவுத் தேர்வு எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு வேறு வாசல்களும் உண்டு. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனம், கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் படிப்பைத் தருகிறது. அதற்கான நுழைவுத் தேர்வைத் தானே நடத்துகிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில், கொல்கத்தாவில் பி.ஸ்டாட்., பெங்களூருவில் பி.மேத். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2022இல் ‘மேத்தமேட்டிக்ஸ் அண்ட் கம்ப்யூட்டிங்’ என்ற பி.டெக். படிப்பைத் தொடங்கியது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் பி.எஸ். தரவு அறிவியல் படிப்புக்கு ஜே.இ.இ. எழுதியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர்களே நடத்தும் தகுதிச் சுற்றில் தேறினால் இணையவழியில் படிக்கலாம், தேர்வை மட்டும் நேரில் எழுத வேண்டும்.

எது முதலில், எது பிறகு?

முதல் ஆண்டுக்கு மூன்று தூண்கள்: நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், ஒரு நிரல்மொழி. நேரியல் இயற்கணிதத்தை அணிகளைப் பெருக்கும் பயிற்சியாக மட்டும் முடித்துவிடக் கூடாது. கூகுள் தேடுபொறிக்கு அடித்தளமான பேஜ்ரேங்க் முறை, வலைப்பக்கங்களுக்கு இடையிலான இணைப்புகளை ஒரு பிரம்மாண்டமான அணியாக்கி, அதன் ஐகன் வெக்டரைக் கண்டுபிடிக்கும் வேலைதான். நிரல்மொழியாகப் பைத்தான் போதும். கல்லூரியில் லேப் இல்லாவிட்டாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டாம் ஆண்டில் வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவு, புள்ளியியல், மெய்ப் பகுப்பாய்வு. கடைசியாகச் சொன்ன தாளைக் கண்டு பயந்து, “இது ப்யூர் மேத்ஸ், நமக்கு வேண்டாம்” என்று ஒதுக்குபவர்கள் பலர். அங்கேதான் சறுக்குகிறார்கள். ஒரு தொடர் ஒருங்குகிறதா, தோராய விடை உண்மை விடையை நெருங்குமா என்று உறுதி சொல்வது அந்தத் தாள்தான். எம்.எஸ்சி. நுழைவுக்கான ஜாம் தேர்வின் கணிதத் தாளிலும் மெய்ப் பகுப்பாய்வுக்கு இடம் உண்டு.

மூன்றாம் ஆண்டில் எண்ணியல் பகுப்பாய்வு, உகமமாக்கல், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள். இவற்றில் எண்ணியல் பகுப்பாய்வை விருப்பப் பாடமாக வைத்திருக்கும் கல்லூரிகளில், மாணவர்கள் அதை விட்டுவிடவே கூடாது. ஏன் என்பதற்கு ஒரு வரலாற்றுச் சம்பவமே சாட்சி.

1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தது. சவுதி அரேபியாவின் தஹ்ரானில் நின்ற அமெரிக்க பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையை மறிக்கத் தவறியது. படைவீரர்கள் 28 பேர் இறந்தார்கள். காரணம், பத்தில் ஒன்று என்ற சின்ன எண். அந்த அமைப்பின் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிகளாக எண்ணியது. 0.1 என்பதைக் கணினியின் இரும முறையில் எழுதினால் முடிவில்லாமல் நீளும். 24 பிட்டுகளோடு வெட்டியதால் ஒவ்வோர் எண்ணிக்கையிலும் 0.000000095 விநாடி அளவுக்குப் பிழை. அமைப்பு சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியிருந்தது. 100 மணி நேரத்தில் பத்தில் ஒரு விநாடிகள் 36 லட்சம். பெருக்கிப் பார்த்தால் பிழை 0.34 விநாடி. விநாடிக்கு 1,676 மீட்டர் வேகத்தில் வந்த ஸ்கட் அதற்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். அமைப்பு அதைத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தது.

எண்ணியல் பகுப்பாய்வின் முதல் அத்தியாயம் இந்த வெட்டுப் பிழையைப் பற்றியதுதான். தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படித்து மறக்கிற விஷயம் அது.

வழியில் திசை மாறலாம்

எல்லாவற்றையும் பதினேழு வயதிலேயே முடிவு செய்துவிட வேண்டியதில்லை. சென்னையில் 1940இல் பிறந்த எஸ்.ஆர்.எஸ். வரதன், மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்தார். தொழில்துறைக்குப் பயன்படும் புள்ளியியலைக் கற்கும் எண்ணத்தோடு கொல்கத்தா புள்ளியியல் நிறுவனத்துக்குப் போனார். அங்கே இருந்த சக ஆய்வு மாணவர்களின் தாக்கத்தால் நிகழ்தகவுக் கோட்பாட்டின் பக்கம் திரும்பினார். 1963இல் நியூயார்க்கின் கூரான்ட் நிறுவனத்துக்குச் சென்றார். மிக அரிதாக நடக்கும் நிகழ்வுகளின் நிகழ்தகவை அளக்கும் அவருடைய ‘பெரும் விலகல்’ கோட்பாட்டுக்காக 2007இல் ஏபெல் பரிசு வந்தது. காப்பீட்டு நிறுவனம் நொடித்துப்போகும் வாய்ப்பைக் கணக்கிடவும் இன்று அந்தக் கோட்பாடு உதவுகிறது. அடித்தளம் வலுவாக இருந்ததால்தான் அவரால் திசை மாற முடிந்தது.

இளநிலைக்குப் பிறகு பாதைகள் பிரிகின்றன. ஜாம் எழுதுபவர்கள் கணிதத் தாளையோ கணிதப் புள்ளியியல் தாளையோ தேர்ந்தெடுத்து ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம். வகைக்கெழுச் சமன்பாடுகளில் ஆராய்ச்சி செய்ய விரும்புபவர்களுக்கு, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பெங்களூரு மையம் இருக்கிறது. காப்பீட்டுத் துறைக்குப் போக நினைப்பவர்கள் ஆக்சுவரி தேர்வுகளின் நுழைவுப் படியான ஏசெட் தேர்வைக் கல்லூரியில் படிக்கும்போதே எழுதலாம். உள்ளூர்க் கல்லூரியில் கிடைக்காத பாடங்களுக்கு என்.பி.டெல். காணொளி வகுப்புகள் இலவசம். நாடு முழுவதிலுமிருந்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்துக் கோடை விடுமுறையில் கணிதப் பயிற்சி தரும் எம்.டி.டி.எஸ். முகாம்கள் 1993 முதல் நடக்கின்றன.

இறுதியாண்டு புராஜெக்ட்

பல கல்லூரிகளில் புராஜெக்ட் என்பது புத்தகத்திலிருந்து எடுத்து எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. இதை மாற்றுவது மாணவர் கையில்தான் இருக்கிறது.

செம்பரம்பாக்கம் ஏரியையே எடுத்துக்கொள்ளலாம். முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஏரிகளின் நீர் இருப்பு, வரத்து, மழையளவு ஆகியவற்றைச் சென்னைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடுகிறது. இருப்பு மாறும் வேகம் என்பது வரத்திலிருந்து வெளியேற்றத்தையும் ஆவியாதலையும் கழித்தால் கிடைப்பது. அது ஒரு முதல்வரிசை வகைக்கெழுச் சமன்பாடு. எவ்வளவு மழைக்கு எவ்வளவு வரத்து என்பதைப் பழைய தரவிலிருந்து மதிப்பிட, மீச்சிறு வர்க்க முறை வேண்டும். அது நேரியல் இயற்கணிதம். அடுத்த வாரம் எவ்வளவு மழை பெய்யும் என்பது நிகழ்தகவு. எல்லாவற்றையும் சேர்த்து நாள் நாளாகக் கணக்கிட்டு முன்னேற, எண்ணியல் பகுப்பாய்வில் படித்த ரங்கே-குட்டா முறையும் பைத்தானில் சில பத்து வரிகளும் போதும்.

கணக்கிட்ட வளைகோடும் வாரியம் வெளியிட்ட வளைகோடும் எங்கே பிரிகின்றன, ஏன் பிரிகின்றன என்று அந்த மாணவர் இரண்டு பக்கம் எழுதினால், எம்.எஸ்சி. நேர்காணலிலும் கேம்பஸ் இன்டர்வியூவிலும் “என்ன புராஜெக்ட் செய்தீர்கள்?” என்று கேட்டால் அவரிடம் சொந்தமான பதில் இருக்கும்.