எந்திரம் வந்துவிட்டது, அதனோடு பேசுவது எம்மொழியில்?

சி.என்.சி. எந்திரம் வாங்கக் கடன் கேட்டு நம் கிளைகளுக்கு வரும் சிறுதொழில் முனைவோரின் திட்ட அறிக்கைகளில் எந்திரத்தின் விலை, அடித்தளம், ஸ்டெபிலைசர், கம்ப்ரசர், டூல்கள், மென்பொருள் உரிமம் என எல்லாம் வரிவரியாக இருக்கும். ஒரு வரி மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அதன் பெயர் போஸ்ட் பிராசசர். ‘போஸ்ட்’ என்றவுடன் தபால் நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. இங்கே அச்சொல்லுக்குப் ‘பின்னர்’ என்பதே பொருள். கணினியில் வரைதலும் வெட்டுப்பாதை வகுத்தலும் முடிந்த பின்னர் நடக்கும் கடைசி வேலையைச் செய்வது அது.

ராஜ்கோட்டிலும் பீன்யாவிலும் லூதியானாவிலும் கோயம்புத்தூரிலும் ஒரு பட்டறையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கேம் மென்பொருளில் உதிரிபாகத்தின் முப்பரிமாண வடிவத்தைத் திறந்து, எந்த டூல் எவ்வழியே செல்ல வேண்டும் என்று வகுக்கிறார்கள். அந்தப் பாதை எந்த எந்திரத்துக்கும் உரியதன்று. டூலின் முனை வெளியில் எங்கெங்கு நகர வேண்டும் என்னும் பொதுக் குறிப்பு மட்டுமே. அதனைக் குறிப்பிட்ட ஓர் எந்திரத்தின் கன்ட்ரோலர் புரிந்துகொள்ளும் ஜி-கோடாக மாற்றும் மொழிபெயர்ப்பாளரே போஸ்ட் பிராசசர். 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஏ.பி.டி. என்னும் நிரல்மொழி உருவான காலந்தொட்டே இந்த இரண்டு படிகள் தனித்தனியே இருந்து வருகின்றன.

ஜி-கோடுக்குத்தான் ஐ.எஸ்.ஓ. 6983 என்னும் தரநிலை இருக்கிறதே, பிறகு மொழிபெயர்ப்பு எதற்கு என்று கேட்கலாம். தரநிலை இருப்பது உண்மை. ஆனால் எந்திரத் தயாரிப்பாளர்களின் விருப்பத்துக்கு அது விட்டுவைத்திருக்கும் இடமும் பெரிது. ஒரு தகட்டில் 8.5 மி.மீ. விட்டத்தில் நான்கு துளைகள் இட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஃபானக் கன்ட்ரோலரில் ஜி81 என்று எழுதி, துளைகளின் இடங்களைக் கொடுத்து, ஜி80 என்று முடிப்பார்கள். சீமென்ஸ் கன்ட்ரோலரில் அதே வேலைக்கு எம்கால் சைக்கிள்81 என்று தொடங்க வேண்டும். ஹைடன்ஹைனின் சொந்த மொழியில் டிரில்லிங் சைக்கிளை முதலில் வரையறுத்துவிட்டு, ஒவ்வோர் இடத்திலும் அதனை அழைக்க வேண்டும். துளை ஒன்றே, பேச்சு மூன்று. ஒரே கன்ட்ரோலர் பொருத்தப்பட்ட இரண்டு எந்திரங்கள்கூட, ஸ்பிண்டிலின் ஊடே கூலன்ட் பாய்ச்சுவதற்கு வேறுவேறு எம்-கோடுகளைக் கேட்கக்கூடும்.

மென்பொருளோடு இலவசமாக வரும் பொதுவான போஸ்ட் பிராசசர் பல நேரங்களில் ‘ஏறத்தாழச் சரியான’ புரோகிராமைத் தரும். இடர்ப்பாடு அந்த ‘ஏறத்தாழ’வில்தான் இருக்கிறது. டூலின் நீளத்தைக் கணக்கில் கொள்ளச் சொல்லும் ஜி43 வரியில் எண் தவறினால், டூல் ஜாபின் மேலே நிற்பதற்குப் பதிலாக வைஸுக்குள் பாயும். சில கன்ட்ரோலர்களில் எக்ஸ்100 என்று தசமப்புள்ளி இன்றி எழுதினால் 100 மி.மீ. அன்று, 0.1 மி.மீ. என்று பொருள், அது பாராமீட்டர் அமைப்பைப் பொறுத்தது. ஸ்பிண்டில் ஒருமுறை மோதிவிட்டால் பேரிங்கும் போகும், துல்லியமும் போகும். பழுது பார்க்கும் நாள்களுக்காகக் கடன் தவணை காத்திருப்பதில்லை.

மோதல் நேராவிட்டாலும் வேறொரு கசிவு உண்டு. அனுபவமிக்க ஆபரேட்டர் ஒவ்வொரு புரோகிராமையும் கையால் திருத்தி ஓட்டுவார். முதலாளிக்கு அது தெரிவதே இல்லை. நாளொன்றுக்கு ஆறு புரோகிராம்கள், ஒவ்வொன்றிலும் 15 நிமிடத் திருத்தம் என்று கொள்வோம். நாளுக்கு 90 நிமிடம். 25 வேலை நாள்களில் 37.5 மணி நேரம். எந்திரத்தின் மணிக் கட்டணம் 600 ரூபாய் என்றால் மாதம் 22,500 ரூபாய் எந்திரத்தின் முன்னேயே கரைகிறது. அந்த ஆபரேட்டர் வேறிடம் சென்றுவிட்டால் எதைத் திருத்த வேண்டும் என்ற அறிவும் அவருடனேயே போய்விடும். இதனை நாம் மோதலைவிடப் பெரிய இழப்பாகவே கருதுகிறோம்.

மூன்று அச்சு மில்லிங் எந்திரம் என்றால் சிக்கல் இவ்வளவோடு நிற்கும். நான்கு, ஐந்து அச்சு எந்திரங்களில் மேசையோ ஸ்பிண்டிலோ சாய்ந்து சுழல்வதால், சுழற்சி மையம் எங்கே, எந்த அச்சு எவ்வளவு கோணம் வரை செல்லும், எல்லையை எட்டினால் டூலை எப்படிப் பின்வாங்க வேண்டும் என்பவை எல்லாம் போஸ்ட் பிராசசருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டூல் முனையைத் தானே கணக்கிட்டுத் தொடரும் வசதி கன்ட்ரோலரில் இருந்தால், ஃபானக்கில் ஜி43.4, சீமென்ஸில் ட்ரவோரி, ஹைடன்ஹைனில் எம்128 போன்ற ஆணைகள் அதனை இயக்கும். பல எந்திரங்களில் இவ்வசதி தனி விலைக்குரிய விருப்பத் தேர்வு. அது வாங்கப்படாத எந்திரத்துக்கு அது இருப்பதாகக் கருதி எழுதிய போஸ்ட் பிராசசர் பயன்படாது. எனவே எந்திரம் வாங்கும்போதே விருப்பத் தேர்வுகளின் பட்டியலைக் கேட்டுப் பெற வேண்டும்.

இதனைத் திருத்தி அமைத்துத் தருபவர் மென்பொருள் விற்பனையாளராக இருக்கலாம்; எந்திர நிறுவனத்தின் பொறியாளராக இருக்கலாம்; தனியாகத் தொழில் செய்பவராகவும் இருக்கலாம். சில மென்பொருள்களில் போஸ்ட் பிராசசர் திறந்த கோப்பாகவே இருக்கும். ஆட்டோடெஸ்க் ஃபியூஷனில் அது ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டது. கற்றவர் திறந்து மாற்றலாம். வேறு சிலவற்றில் கோப்பு பூட்டப்பட்டிருக்கும். ஒரு வரியை மாற்றவும் எழுதியவரையே நாட வேண்டும். உரிமத்துக்குப் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவே என்போம்.

எழுதுபவரிடம் ‘எங்கள் எந்திரம் இன்னது’ என்று சொன்னால் மட்டும் போதாது. கன்ட்ரோலரின் மாடல், தயாரிப்பாளர் தந்த எம்-கோடு பட்டியல், அச்சுகளின் நகர்வெல்லை, டூல் மாற்றும் இடம் ஆகியவற்றோடு, அந்த எந்திரத்தில் பழுதின்றி ஓடிய பழைய புரோகிராம் ஒன்றையும் கொடுக்க வேண்டும். அந்த ஒரு புரோகிராம் பத்துப் பக்க விளக்கத்தைவிட அதிகம் சொல்லும். ஆபரேட்டரையும் அருகில் அமர்த்திக்கொள்வது நலம். கையால் அவர் நாள்தோறும் திருத்தும் வரிகள் எவை என்பதை அவரே அறிவார்.

சோதனையில் ஒரு கண்ணி உண்டு. கேம் மென்பொருளின் திரையில் அழகாக ஓடும் காட்சி, பெரும்பாலும் மொழிபெயர்ப்புக்கு முந்தைய பாதையையே காட்டுகிறது. வெளிவந்த ஜி-கோடை அன்று. திரையில் மோதவில்லை என்பது எந்திரத்தில் மோதாது என்பதற்குச் சான்றாகாது. ஆகவே முதல் ஓட்டம் ஜாபுக்கு மேலே வெற்றுவெளியில், ஒவ்வொரு வரியாக, ஃபீடைக் குறைத்து நடக்க வேண்டும். அடுத்து மெழுகிலோ மரத்திலோ வெட்டிப் பார்க்கலாம். பிறகு துளை, மரை, வளைவு, டூல் ஆர ஈடு, ஒன்றுக்கு மேற்பட்ட ஜாப் தொடக்கப் புள்ளிகள் ஆகிய அனைத்தும் அமைந்த ஒரு சோதனைத் துண்டை உலோகத்தில் வெட்டி அளக்க வேண்டும். கட்டணத்தில் ஒரு பகுதியை அந்தத் துண்டு சரியாக வரும்வரை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். எத்தனை முறை திருத்தித் தருவார், திருத்திய கோப்பின் நகல் யாரிடம் இருக்கும், மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால் என்ன செய்வது என்பனவும் அதிலேயே இடம்பெறட்டும்.

இனி வங்கியின் பக்கம். இச்செலவை எந்திர விலைப்புள்ளியிலோ மென்பொருள் விலைப்புள்ளியிலோ தனி வரியாகக் காட்டி, விண்ணப்பத்தின்போதே திட்டச் செலவில் சேர்த்துத் தந்தால், கிளை அதனையும் சேர்த்துப் பரிசீலிக்க வழியுண்டு. எந்திரம் இறங்கிய பின் நினைவுக்கு வந்தால், நடைமுறை மூலதனத்திலிருந்துதான் எடுக்க நேரும். மூலப்பொருள் வாங்க வேண்டிய பணம் அது. தவணை விலக்குக் காலத்தைக் கணக்கிடும்போதும், எந்திரத்தை நிறுவும் நாள்களோடு போஸ்ட் பிராசசரை எழுதிச் சோதிக்கும் நாள்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பணியாளருக்குக் கேம் மென்பொருளில் பயிற்சி தர விரும்புவோர், மத்தியக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் கீழ் லூதியானா, ஹைதராபாத், புவனேசுவரம் முதலிய நகரங்களில் இயங்கும் டூல் ரூம் நிலையங்களை நாடலாம். சரியாக அமைந்த சோதனைத் துண்டை அதன் புரோகிராமோடும் போஸ்ட் பிராசசர் கோப்பின் நகலோடும் பட்டறையில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த எந்திரம் வாங்கும்போது விற்பனையாளரிடம் அதே துண்டை முதலில் வெட்டித் தரச் சொல்லலாம்.