‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகை மட்டும் போதுமா?

வாசற்கதவில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்னும் பலகை தொங்காத தெரு நம் நகரங்களில் அரிது. அந்த இரண்டு சொற்களையும் சற்று ஊன்றிப் படித்தால், அவை யாரை நோக்கிச் சொல்லப்படுகின்றன என்பது விளங்கும். பால் போடுபவர், எரிவாயு உருளை கொண்டுவருபவர், தபால்காரர், உள்ளே விழுந்த பந்தைத் தேடி வரும் பக்கத்து வீட்டுச் சிறுவன் என வருகிறவர்கள்தாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நாயை வளர்ப்பவருக்கு அந்தப் பலகையில் கட்டளை ஏதும் இல்லை. ஆனால், அதே பலகை இன்னொன்றையும் ஊருக்கு அறிவிக்கிறது. இந்த நாயால் தீங்கு நேரக்கூடும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும் என்பதே அது. உரிமையாளரின் பொறுப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

2024 மே 5 அன்று இரவு, சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், பூங்காக் காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில், அக்கம்பக்கத்தில் வளர்க்கப்பட்ட பிட்புல் நாய் தாக்கியதில் 55 வயது மனிதர் ஒருவர் உயிரிழந்தார். தடுக்க முயன்ற உரிமையாளரும் காயமடைந்தார். இரண்டு சம்பவங்களையும் அடுத்து ஒரே கேள்விதான் பெரிதாக எழுந்தது: எந்தெந்த இன நாய்களைத் தடை செய்யலாம்? ஓர் நாய் ஆபத்தானது என்று தெரிந்த பிறகு அதை வளர்ப்பவர் என்னென்ன செய்தாக வேண்டும் என்ற கேள்வி அந்த இரைச்சலில் அமுங்கிப்போனது.

இனப் பட்டியலின் எல்லை: 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசு, பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 நாய் இனங்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடுக்குமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. தொடர்புடைய தரப்பினரின் கருத்தைக் கேட்காமல் பிறப்பிக்கப்பட்டது என்று கூறி, அடுத்த மாதமே அதைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பெருநகர சென்னை மாநகராட்சி 2025 டிசம்பரில், பிட்புல், ராட்வைலர் இனங்களுக்குப் புதிய உரிமம் வழங்குவதில்லை என்று முடிவெடுத்தது.

பெரிய தாடையும் உடல் வலுவும் கொண்ட நாய் கடித்தால் சேதம் மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆகவே, இனக் கட்டுப்பாடு முழுக்கவே வீண் என்று சொல்ல முடியாது. ஆனால், பட்டியல் எப்போதும் ஓர் அடி பின்தங்கியே நிற்கும். பிரிட்டன் 1991இல் ஆபத்தான நாய்கள் சட்டத்தைக் கொண்டுவந்து நான்கு வகை நாய்களைத் தடை செய்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தப் பட்டியலில் இல்லாத ‘எக்ஸ்எல் புல்லி’ என்னும் புதிய வகை உயிர்ப்பலி வாங்கத் தொடங்கியது. 2024 பிப்ரவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்குச் சான்றிதழ் இன்றி அதை வைத்திருப்பது குற்றமாக்கப்பட்டது. பட்டியலில் இல்லாத நாய் மும்முறை கடித்திருந்தாலும் பட்டியலின் கண்ணுக்கு அது சாது. பட்டியலில் உள்ள நாய் யாரையும் சீண்டாமல் வாழ்ந்து முடிந்தாலும் அது குற்றவாளி. இந்த முரண்பாட்டைத் தீர்க்கத்தான் பல நாடுகளில், இனத்தைப் பாராமல் ஒரு குறிப்பிட்ட நாயை, அதன் நடத்தையின் அடிப்படையில் ‘ஆபத்தான நாய்’ என அறிவிக்கும் நடைமுறை உருவானது.

தெரிந்த பின் தெரியாது எனலாகாது: ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் பழைய கோட்பாடு ஒன்று உண்டு. வளர்ப்பு விலங்கு ஒருவரைத் தாக்கினால், அதற்கு அத்தகைய மூர்க்க குணம் இருப்பது உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருந்ததா என்பதையே நீதிமன்றம் முதலில் கேட்கும். தெரிந்திருந்தால் அவர் பொறுப்பிலிருந்து தப்ப இயலாது. ‘ஒவ்வொரு நாய்க்கும் ஒரு கடி இலவசம்’ என்று இதனை வேடிக்கையாகச் சொல்வார்கள். முதற்கடி வரை ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல இடமிருக்கிறது. இரண்டாவது கடிக்கு அந்த இடமில்லை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சட்டம் இந்தத் தெரிதலையே அளவுகோலாகக் கொள்கிறது. தன்னிடம் இருப்பது ஆபத்தான நாய் என்று உரிமையாளர் அறிய வந்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் அதைப் பதிவு செய்ய வேண்டும். எந்நேரமும் கயிற்றிலோ பாதுகாப்பான அடைப்பிலோ வைத்திருக்க வேண்டும். பாதிக்கப்படுவோருக்கு இழப்பீடு வழங்க, குறைந்தது ஒரு லட்சம் டாலருக்குக் காப்பீடோ நிதிப் பொறுப்போ காட்ட வேண்டும்.

நியூஸிலாந்து காட்டும் வழி: அந்நாட்டின் 1996ஆம் ஆண்டு நாய்க் கட்டுப்பாட்டுச் சட்டம் இவ்வகையில் தெளிவானது. உரிமையாளர் நாய்த் தாக்குதல் வழக்கில் தண்டிக்கப்பட்டிருந்தாலோ, நாயின் மூர்க்க நடத்தைக்குச் சத்தியப்பிரமாண வாக்குமூலம் இருந்தாலோ, உரிமையாளரே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டாலோ, உள்ளாட்சி அமைப்பு அந்த நாயை ஆபத்தானது என அறிவிக்க வேண்டும். இதை எதிர்த்து 14 நாள்களுக்குள் முறையிட உரிமையாளருக்கு உரிமை உண்டு. அறிவிப்பு உறுதியானால் கடமைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன.

முதலாவது, வேலி. வீட்டுக்கு வருபவர் நாய் இருக்கும் பகுதிக்குள் கால் வைக்காமலேயே ஏதேனும் ஒரு கதவை அடையும்படி, நாய்க்குத் தனியாக அடைப்பு அமைக்க வேண்டும். நம் பலகை வருகிறவரை எச்சரிப்பதோடு நின்றுவிடுகிறது; அந்தச் சட்டமோ வருகிறவருக்கு வழி அமைத்துத்தரச் சொல்கிறது. இரண்டாவது, பொது இடத்தில் நாய் கயிற்றில் இருக்க வேண்டும். கடிக்க முடியாதபடியும், அதே வேளையில் மூச்சு விடவும் தண்ணீர் குடிக்கவும் தடையில்லாதபடியும் வாய்மூடி அணிவிக்கப்பட வேண்டும். மூன்றாவது, ஒரு மாதத்துக்குள் கருத்தடை செய்ததற்கான கால்நடை மருத்துவரின் சான்றை அளிக்க வேண்டும். நான்காவது, உள்ளாட்சியின் எழுத்துபூர்வ இசைவின்றி நாயை வேறொருவருக்குக் கைமாற்றக் கூடாது. ஐந்தாவது, வழக்கமான கட்டணத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டும்.

இவற்றுள் நான்காவது கடமை குறிப்பிடத்தக்கது. கடித்த நாயை ஊரில் இருக்கும் உறவினர் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவது நம்மிடையே சர்வ சாதாரணம். அனுப்பிவைக்கப்பட்ட இடத்தில் உள்ளவர்களுக்கு அதன் கடந்த காலம் தெரியாது. ஆபத்து தீர்வதில்லை, முகவரி மட்டுமே மாறுகிறது. ஊருக்குப் போகும்போது இரண்டு நாள்கள் நாயைப் பார்த்துக்கொள்ளும் நண்பருக்குக்கூட அதன் நிலையைச் சொல்லியாக வேண்டும் என்று நியூஸிலாந்து சட்டம் வலியுறுத்துவது இதனால்தான்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? குறிப்பிட்ட ஒரு நாயை ஆபத்தானது என அறிவிக்கும் நடைமுறையை நாடு முழுமைக்கும் வகுத்த சட்டம் நம்மிடம் இல்லை. ஆனால், பொறுப்பு இல்லாமல் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு, தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதிய நடவடிக்கையைத் தெரிந்தோ அலட்சியத்தாலோ எடுக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை அல்லது ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க வகை செய்கிறது. உயிரிழப்பு நேர்ந்தால், கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்னும் கடுமையான பிரிவும் சேரக்கூடும்.

குறை என்னவென்றால், இந்தப் பிரிவுகள் கடி நிகழ்ந்த பிறகு பேசுபவை. முதற்கடிக்கும் இரண்டாவது கடிக்கும் இடையிலான காலத்தில் அவை மௌனமாக இருக்கின்றன. மாநகராட்சியின் நாய் உரிமம் பெரும்பாலும் தடுப்பூசிச் சான்றைக் கேட்கிறது. சென்ற ஆண்டு அதே நாய் மாடிப்படியில் ஒரு வீட்டுப் பணியாளரைக் கடித்த செய்தி அந்த உரிமத்துக்குள் வந்து சேர வழியில்லை. மருத்துவமனையின் புறநோயாளிப் பதிவேட்டில் அது ஒரு நாய்க்கடி. வீட்டுக்காரருக்கு அது ‘விளையாட்டாகப் பல் பட்டது’. கடிபட்டவருக்கோ, வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் வெளியே சொல்லப்படாத காயம்.

கட்டிப் போடுவது தீர்வாகாது: ஆபத்தான நாய் என்று தெரிந்ததும் பலர் செய்வது, மொட்டை மாடியில் குட்டைச் சங்கிலியில் நாள் முழுதும் கட்டிவைப்பது. இது நாயை மேலும் மூர்க்கமாக்கவே உதவும். அதோடு, விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இன் 11ஆவது பிரிவின்படி, விலங்கை நியாயமற்ற நேரம் குட்டைச் சங்கிலியில் பிணைத்துவைப்பதும், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தர உரிமையாளர் தவறுவதும் வதையாகவே கருதப்படும். தெருவில் கொண்டுபோய் விட்டுவிடுவதும் குற்றமே.

வாய்மூடி விஷயத்திலும் அக்கறை தேவை. நாய்க்கு மனிதரைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இரைத்துத்தான் அது உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. வாயை இறுகக் கட்டும் துணிப்பட்டை நம் ஊர் வெயிலில் அதற்குத் தீங்காகும். வாய் திறந்து மூச்சு வாங்க இடம் தரும் கூடை வடிவ வாய்மூடியை, வீட்டிலேயே சிறிது சிறிதாகப் பழக்கி அணிவிக்க வேண்டும். கயிற்றைப் பிடிப்பவர், நாய் திமிறினால் நிறுத்தக்கூடிய வலுவுள்ள பெரியவராக இருக்க வேண்டும். பள்ளிச் சிறுவன் கையிலோ முதியவர் கையிலோ கொடுத்தனுப்புவது கயிறே இல்லாமல் விடுவதற்குச் சமம். அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்தூக்கிக்குள் பிறர் இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருப்பதும் உரிமையாளரின் கடமையே.

கடி நேர்ந்துவிட்டால்: அப்போது உரிமையாளருக்கு முதல் வேலை, தன் நாய்க்காக வாதாடுவது அன்று. கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவச் செய்து, காயம்பட்டவரைத் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நாயின் தடுப்பூசிச் சான்றை மறைக்காமல் காட்ட வேண்டும். நாயைப் பத்து நாள்கள் கண்காணிப்பில் வைத்து, அது உடல்நலத்துடன் இருக்கிறதா என்பதைக் கடிபட்டவருக்கும் மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த நாள்களுக்குள் நாயை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டால், ரேபிஸ் பற்றிய ஐயத்தைத் தீர்க்கக்கூடிய முக்கியத் தடயத்தையே அழித்ததாகும். பத்து நாள்கள் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று கடிபட்டவர் காத்திருக்கவும் கூடாது.

செய்ய வேண்டியது: உள்ளாட்சி அமைப்புகளின் நாய் உரிமப் பதிவேட்டில் ‘கடித்த வரலாறு’ என்று ஒரு கட்டத்தைச் சேர்ப்பது பெரிய காரியமன்று. வளர்ப்பு நாயால் கடிபட்டு ஒருவர் சிகிச்சைக்கு வந்தால், அந்தத் தகவல் மருத்துவமனையிலிருந்து உள்ளாட்சிக்குச் செல்ல வேண்டும். கால்நடை மருத்துவர் ஒருவர் நாயைப் பரிசோதித்து, சீண்டலால் நேர்ந்த கடியா, இயல்பான மூர்க்கமா என்று அறிக்கை தர வேண்டும். உரிமையாளர் தரப்பைக் கேட்ட பின், தேவையெனில் ஆபத்தான நாய் என்று எழுத்து மூலம் அறிவித்து, அடைப்பு, வாய்மூடி, கருத்தடை, காப்பீடு, கைமாற்றத் தடை ஆகிய நிபந்தனைகளை விதிக்க வேண்டும். அவற்றை மீறினால், இன்னொரு கடிக்குக் காத்திராமல் நடவடிக்கை எடுக்க வேண்டும். நாட்டு நாயோ வெளிநாட்டு நாயோ, இந்த அளவுகோல் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

நிபந்தனைகள் கடுமையானவை என்று நாய் வளர்ப்போர் சிலர் வருந்தக்கூடும். உண்மையில், அவை நாயைக் காப்பாற்றுபவை. அடைப்பும் வாய்மூடியும் இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய ஒரு கடி, ஒரு குழந்தையின் வாழ்வைச் சிதைக்கிறது; அதற்குப் பின் அந்த நாய்க்காகப் பேச எவரும் முன்வர மாட்டார். தன் குணத்தைத் தானே அறிந்து அடக்கிக்கொள்ளும் ஆற்றல் நாய்க்கு இல்லை. அதை அறிந்தவர் வளர்ப்பவர் ஒருவரே. வாசலில் பலகை மாட்டும் கை, அதே நாளில் கயிறும் வாய்மூடியும் வாங்கட்டும். ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய முதல் ஆள், அந்தக் கதவின் உட்புறத்தில் நிற்பவர்.