பிக்கப் வாகனத்திற்கு எந்த மூடி? சுமையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

காலையில் உர மூட்டை, மாலையில் இரவுச் சந்தைச் சாமான்கள், ஞாயிற்றுக்கிழமை கோயில் அன்னதானத்திற்குப் பாத்திரங்கள். கோலா சுங்கை பாரு, மஸ்ஜிட் தானா வட்டாரத் தோட்டங்களிலும் கடைத்தெருவிலும் ஒரே பிக்கப் வாகனம் இத்தனை வேலைக்கும் ஓடுகிறது. மழையில் நனைந்த உரமும் நிறுத்திய இடத்தில் காணாமல் போன புல்வெட்டும் இயந்திரமும் பலரை மூடி வாங்கத் தூண்டுகின்றன.

கடைக்குப் போனால் வகை வகையாகக் காட்டுவார்கள். அழகைப் பார்த்து ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்துப் பொருத்திய மூடியை, அடுத்த மாதமே கழற்றி வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தவர்களும் உண்டு. மூடி நல்லதா என்பதை விட, அந்த வாகனம் ஏற்றும் சுமைக்கு அது பொருந்துமா என்பதே முதல் கேள்வி.

நான்கு வகைகள்

முதலாவது, சுருட்டி வைக்கக்கூடிய வினைல் அல்லது கேன்வாஸ் துணி மூடி. விலை குறைவு, எடையும் பெரும்பாலும் 20 கிலோவுக்குள்தான். மழைக்கும் தூசிக்கும் ஓரளவு தாங்கும். ஆனால் ஒரு கத்தி போதும், திருடன் கிழித்துவிடுவான். நடுவில் தாங்கு கம்பிகள் இல்லாவிட்டால் மழைநீர் குளமாகத் தேங்கித் துணி தொய்ந்துவிடும். நம் வெயிலில் சில ஆண்டுகளில் வெடிப்பும் விடும்.

இரண்டாவது, பலகை போன்ற கெட்டி மூடி. ஒரே துண்டாகவும் வரும், மூன்றாக மடிவதாகவும் வரும். பூட்டு உண்டு. மடிப்பு மூடியைத் திறந்து பாதித் தொட்டியைப் பயன்படுத்தலாம். ஒரே துண்டு மூடியைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும்.

மூன்றாவது, அலுமினிய ரோலர் மூடி. இழுத்தால் மூடும், தள்ளினால் சுருளும். அந்தச் சுருள் தங்கும் பெட்டி தொட்டியின் முன்பகுதியில் ஏறக்குறைய ஒரு சாண் இடத்தை எடுத்துக்கொள்ளும். இரட்டைக் கதவு வாகனத்தின் தொட்டி சுமார் 1.5 மீட்டர் நீளம்தான் என்பதால் அந்த ஒரு சாண் பெரிய இழப்பு. பெட்டியில் விழும் நீரை வெளியேற்றும் குழாய்களில் இலையும் செம்மண்ணும் அடைத்தால், தண்ணீர் நேராகச் சரக்கின் மேல் கொட்டும்.

நான்காவது, கனோப்பி எனப்படும் கூண்டு. ஃபைபர் கனோப்பி சுமார் 60 முதல் 100 கிலோ வரை இருக்கும், இரும்பில் செய்தால் இன்னும் கூடும். உயரமான பொருளை ஏற்றலாம், பூட்டலாம். ஆனால் வாகனத்தின் மேல்பாகம் கனப்பதால் வளைவுகளில் நிதானம் தேவை. கேபின் பின்புறம் உயரத்தில் உள்ள பிரேக் விளக்கை அது மறைத்தால், கனோப்பியிலேயே ஒரு விளக்கு பொருத்தியாக வேண்டும்.

எந்த வேலைக்கு எது?

செம்பனைக் குலை ஏற்றுபவருக்கு இந்த நான்கும் தேவையில்லை. குலைகள் தொட்டியின் விளிம்புக்கு மேல் குவியும், எந்தத் தட்டை மூடியும் மூடாது. கெட்டியான வலையும் தார்ப்பாயும் இறுக்கிக் கட்டினால் போதும். அதைக் கட்டாமல் விட்டால் சாலையில் உதிரும் பழம் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளைச் சறுக்கி விழச் செய்யும்.

ரப்பர் கட்டிப்பால் ஏற்றுபவர்களும் அப்படியே. அதிலிருந்து வடியும் அமிலம் கலந்த நீர் உலோகத்தை அரிக்கும். விலை உயர்ந்த அலுமினிய மூடியை அதன் மேல் வைப்பது வீண்.

உரம், கருவிகள், கடைச் சரக்கு ஏற்றுபவர்களுக்கு மடிப்புக் கெட்டி மூடி ஏற்றது. யூரியா ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகிவிடும் என்பதால், மூடியோடு ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டும். பின்கதவின் இடுக்கு வழியே நீர் புகும் என்பதால் நூறு விழுக்காடு நீர் புகாத மூடி என்று எதையும் நம்ப முடியாது.

இரவுச் சந்தை வியாபாரிகளுக்கும் உணவு சமைத்துக் கொடுப்பவர்களுக்கும் கனோப்பி வசதி. ஆனால் இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் மூடிய தொட்டியின் அடியில் தேங்கி, ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். சிலிண்டரை நிமிர்த்தித்தான் ஏற்ற வேண்டும். வீட்டில் பயன்படும் 14 கிலோ சிலிண்டர் அரை மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் தட்டை மூடி அதன் மேல் மூடவும் மூடாது. கேஸ், பெட்ரோல் கலன், களைக்கொல்லி ஆகியவற்றைத் திறந்த தொட்டியில் கட்டி ஏற்றுவதே பாதுகாப்பு.

கனோப்பி போட்டால் பிள்ளைகளை உள்ளே உட்கார வைக்கலாம் என்று எவரும் நினைக்கக் கூடாது. அங்கே இருக்கையும் இல்லை, இருக்கைப் பட்டையும் இல்லை. மோதினால் உள்ளே இருப்பவர்களுக்குப் பிடிமானமே கிடையாது.

எடையும் டீசலும்

மூடியின் எடை, ஏற்றக்கூடிய சுமையிலிருந்து கழியும். ஒரு வாகனம் 1,000 கிலோ தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் பயணிகளின் எடையும் அடங்கும். நான்கு பேருக்கு 280 கிலோ போனால் மிச்சம் 720 கிலோ, அதாவது 50 கிலோ உர மூட்டைகள் 14. அதே வாகனத்தில் 80 கிலோ கனோப்பி இருந்தால் 12 மூட்டைதான்.

மூடி போட்டால் எண்ணெய் மிச்சம் என்றும் விற்பனையாளர் சொல்வார். தட்டை மூடி காற்றின் எதிர்ப்பைச் சற்றுக் குறைக்கும் என்பது உண்மை. அது நெடுஞ்சாலை வேகத்தில்தான் தெரியும், தோட்டத்துச் செம்மண் பாதையில் பலன் இல்லை. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஒரே நாளில் ஏறியதை யாரும் மறக்கவில்லை. வேலையில்லாத நாளிலும் வீண் எடையைச் சுமந்து ஓடும் வாகனத்திற்கு அந்தச் செலவு கூடவே வரும்.

கடற்காற்றைக் கவனியுங்கள்

கோலா சுங்கை பாரு மலாக்கா நீரிணைக் கரையில் இருக்கிறது. உப்புக் காற்று இரும்பைச் சீக்கிரம் தின்னும். ஆகவே தொட்டியின் விளிம்பில் துளையிட்டுப் பொருத்துவதை விட, கவ்விகளால் பிடிக்கும் மூடியே மேல். துளை போட்டே ஆக வேண்டுமென்றால் துளையின் ஓரத்தில் துருத் தடுப்புப் பூச்சு பூசச் சொல்லுங்கள். திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும்.

பணம் கட்டும் முன்

கனோப்பி பொருத்துவதற்கு அனுமதி தேவையா என்பதைக் கடைக்காரர் வாயால் கேட்காமல், சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. காப்புறுதி நிறுவனத்திடமும் தெரிவிக்க வேண்டும். பிறகு பொருத்திய சாமானை அறிவித்துச் சேர்க்காவிட்டால், களவு போனாலும் விபத்தில் உடைந்தாலும் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

அதற்கும் முன்பாக ஒரு சிறு வேலை. ஒரு வாரம் முழுக்க வாகனத்தில் என்னென்ன ஏற்றப்பட்டது, எது விளிம்புக்கு மேல் உயர்ந்தது, எது நனையக் கூடாதது, எது பூட்டி வைக்க வேண்டியது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஏழு நாளில் ஐந்து நாள் சுமை விளிம்பைத் தாண்டியிருந்தால், நல்ல தார்ப்பாயும் கயிறும் வாங்கிக்கொண்டு மிச்சப் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கலாம்.