ஊர் மாறினாலும் கூட வரும் மருத்துவக் குறிப்பு

வேலை மாற்றலில் நாலு ஊர் பார்த்த குடும்பத்தின் மருத்துவ வரலாறு நாலு ஊரிலும் சிதறிக் கிடக்கும். புது டாக்டர் "பழைய ரிப்போர்ட் எங்கே?" என்றால், "அது ஊருல, அம்மா வீட்டு பீரோவுல இருக்கு" என்போம். மறுபடி ரத்தப் பரிசோதனை, மறுபடி ஸ்கேன். காசு போனால் போகட்டும். எந்த மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்கிற ஒரு வரி கையில் இல்லையென்றால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதற்கு வழியாக வந்ததே மின்னணு மருத்துவப் பதிவு. அதற்கான விதிமுறைகளை மத்திய அரசு 2013-இல் வெளியிட்டு, 2016-இல் திருத்தியது. 2020 ஆகஸ்ட் 15 அன்று ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனையாகத் தொடங்கிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம், 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்டது. அதில் தரப்படுவதுதான் 14 இலக்க 'ஆபா' எண். இது கட்டாயமில்லை.

"நம்பர் வாங்கியாச்சு, இனி எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எண் என்பது பூக்களைக் கோக்கும் நார் மாதிரி, பூ அல்ல. பதிவுகள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். அந்த மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்து, பதிவை நம் எண்ணோடு இணைத்தால்தான் நம் செல்பேசியில் தெரியும். வேறு டாக்டர் பார்க்க நம் சம்மதம் வேண்டும். எதை, எத்தனை நாள் காட்டுவது என்பதும் நம் விருப்பமே. கொடுத்த சம்மதத்தைத் திரும்பவும் பெறலாம்.

நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு: இனிஷியல். ஊரில் 'கே. முருகன்', வெளிமாநிலம் வந்ததும் 'முருகன் கந்தசாமி'. கவுண்டரில் "கந்தசாமி" என்று அப்பா பெயரைக் கூப்பிடுவார்கள், எழுந்து போவதோ பிள்ளை! சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் பழைய பதிவைத் தேடும்போது பெயர், பாலினம், பிறந்த வருடம், செல்பேசி எண் இவற்றை வைத்தே ஆளை அடையாளம் காண்கிறார்கள். பெயர் ஒத்துப்போகாவிட்டால் ஒரே ஆள் இரண்டு நோயாளியாகிவிடுவார்.

ஆகவே எந்த மருத்துவமனையிலும் ஆதாரில் உள்ளபடியே பெயர் கொடுங்கள். செல்பேசி எண்ணை மாற்றினால் மறக்காமல் தெரிவியுங்கள். பீரோவில் இருக்கும் பழைய காகிதங்களைப் படமெடுத்து ஆபா செயலியில் ஏற்றிவையுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பெயரை முதலில். காகிதத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தெருமுனை கிளினிக்கில் இன்னும் கையால்தானே எழுதுகிறார்கள்!