செங்கல்பட்டு மேடையேறிய முதன்மை அமைச்சர்

1926 தேர்தலில் சென்னை மாகாணத்தில் அதிக இடங்களைப் பிடித்தது சுயராஜ்யக் கட்சி. ஆனால் இரட்டையாட்சியில் பதவி ஏற்பதில்லை என்று அக்கட்சி முடிவெடுத்திருந்தது. தோற்றுப்போன நீதிக்கட்சியும் முன்வரவில்லை. கவர்னர் கோஷன் பிரபு கட்சி சாராத ஒருவரை அழைத்தார். அப்படித்தான் 37 வயதில் முதன்மை அமைச்சரானார் டாக்டர் ப. சுப்பராயன். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார், ஆக்ஸ்போர்டில் படித்தவர்.

இரட்டையாட்சியில் கவர்னர் லண்டன் அனுப்பிவைத்தவர். நிதி, போலீஸ், நிலவரி எல்லாம் அவர் பக்கம்; கல்வி, உள்ளாட்சி, மருத்துவம் போன்றவையே அமைச்சர்களுக்கு. பாரதியார் நூல்கள் 1928இல் பறிமுதலானது சுப்பராயன் பதவியில் இருந்தபோதுதான். போலீஸ் அவர் கையில் இல்லை என்றாலும், அந்தக் கறையில் அவருக்குப் பங்கில்லை என்று நான் சொல்லமாட்டேன். சைமன் கமிஷன் விவகாரத்தில் அமைச்சர்கள் இருவர் விலக, உள்ளே வந்த எஸ். முத்தையா முதலியார்தான் அரசு வேலைகளை வகுப்புவாரியாகப் பங்கிடும் உத்தரவை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

இந்த ஆட்சியின் சிறந்த நாளாக நான் கருதுவது கோட்டையில் கழிந்த நாளை அல்ல. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு செங்கல்பட்டில் கூடியது. தலைமை டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன். மாநாட்டைத் திறந்துவைத்தவர் முதன்மை அமைச்சர் சுப்பராயன். பெரியாரின் கூட்டம் என்றாலே பெரிய மனிதர்கள் ஒதுங்கிப்போன காலம் அது. சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும், பெண்ணுக்கு ஆணோடு சமமாகச் சொத்துரிமை வேண்டும், பதினாறு வயதுக்கு மேல்தான் பெண்ணுக்குக் கல்யாணம், ஒத்துவராத மணத்தை முறித்துக்கொள்ள அவளுக்கு உரிமை வேண்டும் என்றெல்லாம் அங்கே தீர்மானங்கள் நிறைவேறின. பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1989இல். சரியாக அறுபது ஆண்டுகள் கழித்து.

அந்த மேடையில் நிற்க சுப்பராயனுக்குத் தகுதி இருந்தது. கொங்கு வேளாளரான அவர் மணந்தது மங்களூர் சாரஸ்வத பிராமணப் பெண் ராதாபாயை. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய குத்மல் ரங்கராவின் மகள் அவர். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர். சாதி ஒழிப்பை ஊருக்கு உபதேசிக்கும் முன்பே வீட்டில் செய்துகாட்டிய தம்பதி.

1930இல் சுப்பராயனின் பதவி போனது. பிறகு காங்கிரஸ், 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் சட்டமும் கல்வியும், சுதந்திரத்துக்குப் பின் இந்தோனேசியத் தூதர், நேருவின் அமைச்சர். பிள்ளைகளில் ஒருவர் ராணுவத் தலைமைத் தளபதியானார். மோகன் குமாரமங்கலமும் பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்டுகளானார்கள். ஜமீன் வீட்டில் அதற்கும் இடமிருந்தது.

1962 ஏப்ரலில் சுப்பராயன் மகாராஷ்டிர ஆளுநரானார். அதே ஆண்டு அக்டோபரில், பதவியில் இருக்கும்போதே காலமானார்.