டயர் மாற்று படலம்

2023ல் பழைய சுஸுகி எஸ்.வி.650 ஒன்று வாங்கினேன். 2005ஆம் வருட மாடல், இரண்டு சிலிண்டர், சிவப்பு நிறம். விற்ற பெரியவர் பின் டயரைத் தட்டிக் காட்டி, பாதிகூடத் தேயவில்லை, இன்னும் இரண்டு வருடம் தாராளமாக ஓடும் என்றார். நான் குனிந்து டயரின் பக்கச் சுவரைப் படித்தேன். 'டாட்' என்று தொடங்கும் நீண்ட எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 2314. அதாவது 2014ஆம் வருடத்தின் 23வது வாரத்தில் பிறந்த டயர். வயது ஒன்பது. டயர் செலவைச் சொல்லிப் பேரம் பேசியதில் பாதித் தொகையைக் குறைத்துக்கொண்டார்.

"பட்டன் நன்றாக இருக்கும் டயரை எதற்குத் தூக்கிப் போட வேண்டும்?" என்று மனைவி கேட்டாள். (டயரின் மேல் உள்ள வெட்டுகளையும் கட்டைகளையும் நம்மூரில் பட்டன் என்றுதானே சொல்வோம்.) நியாயமான கேள்வி. பின் சீட்டில் உட்காரப் போகிறவள் அவள். பதில் சொல்லாமல் நழுவ முடியாது.

ரப்பர் மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதில் கந்தகத்தைக் கலந்து சூடாக்கினால் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே பாலங்கள் விழுகின்றன. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் பொருள் கிடைக்கிறது. சார்லஸ் குட்இயர் 1839ல் கண்டது இது. தொழிற்சாலையை விட்டு வந்த பிறகும் இந்த வேலை முழுதாக நிற்பதில்லை. வெப்பத்திலும் காற்றிலும் பாலங்கள் மேலும் மேலும் விழுந்து ரப்பர் இறுகிப் போகிறது. போதாததற்கு, காற்றிலுள்ள ஓசோன் மேல்தோலில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்குகிறது. இதைத் தடுக்க ரப்பரில் ஒரு வகை மெழுகைக் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு, நசுங்கி நிமிரும்போதுதான் அது உள்ளிருந்து கசிந்து மேலே பூச்சாகப் படர்கிறது. ஆக, கராஜில் போர்வை போர்த்திக் கண்ணும் கருத்துமாகக் காத்த வண்டியின் டயர், தினமும் ஓடும் வண்டியின் டயரைவிடச் சீக்கிரம் வெடிப்பு விடக்கூடும். பெரியவருடைய வண்டி போர்வைக்குள் இருந்த வண்டி.

ஐந்து வருடத்துக்கு மேல் ஆன டயரை வருடத்துக்கு ஒருமுறையாவது விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், பத்து வருடம் ஆனால் பார்க்க நன்றாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள் என்பது மிஷெலினின் அறிவுரை. காருக்கு அது சரி. மோட்டார்சைக்கிளுக்கு நான் ஆறு வருடம் என்று கோடு போட்டிருக்கிறேன். அதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. (இயந்திரவியலில் எம்.எஸ். படித்துவிட்டு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறவனுக்கு இப்படிக் கணக்குப் போட வாய்ப்புக் கிடைப்பதே அபூர்வம்.) பெட்ரோலோடு வண்டி சுமார் 190 கிலோ, நான் 70 கிலோ. சரிபாதியாகப் பிரித்தால் சக்கரத்துக்கு 130 கிலோ, அதாவது ஏறக்குறைய 1,275 நியூட்டன். டயருக்குள் 34 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 23.4 நியூட்டன். வகுத்தால் வருவது 54 சதுர சென்டிமீட்டர். டயரின் சொந்த விறைப்பால் இது கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். ரம்மி ஆடும் சீட்டு ஒன்றின் பரப்பு கிட்டத்தட்ட இவ்வளவுதான். 280 நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்தில் போகிறவனுக்கும் சாலைக்கும் உள்ள உறவு மொத்தமும் இரண்டு சீட்டு அகலம். அந்தச் சீட்டு ஒன்பது வருடம் இறுகிய ரப்பராக இருப்பதை நான் விரும்பவில்லை. கணக்கைக் காட்டியதும் மனைவி, "இரண்டையும் மாற்றிவிடுங்கள்" என்றாள்.

இன்னொரு விஷயம், உருவம். கார் டயரின் மேற்பரப்பு சப்பை. மோட்டார்சைக்கிள் டயரோ குறுக்கே வெட்டிப் பார்த்தால் வில்லைப்போல் வளைந்திருக்கும். வண்டி சாயச் சாய நம் சீட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போகிறது. அமெரிக்காவில் நேர்ச்சாலையில் ஆபீசுக்கும் வீட்டுக்கும் ஓடும் வண்டிகளில் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, வில் உடைந்து மேசையாகிவிடும். அப்படிப்பட்ட டயரோடு உட்ஸைடிலிருந்து மலையேறி ஸ்கைலைன் பூலவார்டின் வளைவுகளில் சாய்ந்தால், வண்டி ஒரு விளிம்பைத் தாண்டி 'தொபக்' என்று விழுவதுபோல் இருக்கும். பட்டனின் பள்ளத்தில் குறுக்கே ஒரு சிறு மேடு வைத்திருப்பார்கள். இங்கே மோட்டார்சைக்கிள் டயர்களில் அதன் உயரம் 1/32 அங்குலம், 0.8 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து மேட்டுக்குச் சமமானால் ஆயுள் முடிந்தது. ஆனால் நேர்ச்சாலை வண்டியில் அதற்கு வெகு முன்பே உருவம் கெட்டிருக்கும். இதெல்லாம் தெரிந்தும், சீக்கிரம் தேயாது என்பதற்காகக் கோல்ட்விங் போன்ற பெரிய வண்டிகளில் பின்னால் கார் டயரை மாட்டுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். கார் டயரின் பீடு, அதாவது ரிம்மைக் கவ்வும் கம்பி விளிம்பு, மோட்டார்சைக்கிள் ரிம்முக்காகச் செய்யப்பட்டதல்ல. அவர்கள் தைரியத்துக்கு ஒரு கும்பிடு.

எந்த டயர் நல்லது என்று உலகத்தில் நிறைய ஜல்லி அடித்திருக்கிறார்கள். அளவில் மட்டும் பேரம் கூடாது. என் பின் டயர் 160/60 இசட்.ஆர்.17, 69டபிள்யூ. அகலம் 160 மில்லிமீட்டர், உயரம் அதில் 60 சதவீதம், ஆர் என்றால் ரேடியல், 17 அங்குல ரிம். 69 என்பது 325 கிலோ தாங்கும் என்பதற்கான குறி; டபிள்யூ மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்துக்கு. முன்னால் 120/60. இந்த அளவில் தேர்வு குறைவு என்பதால் பலர் 120/70 போடுகிறார்கள். பக்கச் சுவர் 12 மில்லிமீட்டர் உயர்ந்து வண்டியின் மூக்கும் கொஞ்சம் தூக்கும், திரும்புவதில் சற்றுச் சோம்பல் வரும். நான் கையேட்டில் உள்ளதையே வாங்கினேன்.

ரகத்தில் பந்தய டயர் பக்கம் போகவில்லை. அது நன்றாகச் சூடானால்தான் பிடிக்கும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஆபீஸ் பயணத்தில் அந்தச் சூடு ஏறுவதே இல்லை. மிஷெலின் ரோடு, டன்லப் ரோட்ஸ்மார்ட், பிரெல்லி ஏஞ்சல் என்று வரும் ஸ்போர்ட்-டூரிங் வகையில் சிலிக்கா கலந்த ரப்பர், மழையிலும் குளிர்ந்த காலையிலும் பிடிக்கும். பலவற்றில் நடுவே கெட்டியாகவும் ஓரங்களில் மிருதுவாகவும் இரு வேறு கலவைகள் இருக்கும். நேர்ச்சாலையில் நடு உழைக்கும், வளைவில் ஓரம் பிடிக்கும். என் ஓட்டத்துக்கு இதுவே பொருத்தம்.

மாட்டுவதைக் கடையில் விடலாம். சக்கரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போனால் கூலி குறையும். நான் கராஜிலேயே செய்தேன். ரிம்மின் விளிம்பைவிட பீடின் விட்டம் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் குறைவு. உள்ளே எஃகுக் கம்பி, நீளவே நீளாது. பிறகு எப்படி உள்ளே போகும்? ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. பீடின் ஒரு பக்கத்தை அதற்குள் தள்ளினால் எதிர்ப்பக்கத்தில் தேவையான இடம் கிடைக்கும். எங்கள் ஊர் பஞ்சர் கடை பாய், புல்லட் டயரைக் கழற்றும்போது இரண்டு லீவரோடு ஒரு காலையும் டயர்மேல் வைத்து அழுத்திக்கொண்டிருப்பார். அது நழுவாமலிருக்க என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். பாயின் கால் பீடைப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது! லீவருக்கு முரட்டு பலம் தேவைப்பட்டால், எதிர்ப்பக்கம் பள்ளத்தை விட்டு ஏறிவிட்டது என்று பொருள். இன்னும் பலமாக இழுத்தால் அலுமினிய ரிம் கீறும், பீடு கிழியும். சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவி, முழங்காலை ஊன்றி, ஒரு தடவைக்கு இரண்டு விரற்கடை மட்டும் தூக்கினால் போதும்.

பக்கச் சுவரிலுள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். புள்ளி வைத்த டயரென்றால் அதுவே எடை குறைந்த இடம். வால்வுக்கு நேரே வரட்டும். காற்று அடிக்கும்போது பீடு தன் இருப்பிடத்தில் ஏறுவது இரு பக்கமும் 'டொப்', 'டொப்' என்று கேட்கும். எத்தனை அழுத்தம் வரை போகலாம் என்று டயரிலேயே எழுதியிருக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் காற்றை இறக்கி மறுபடி சோப்புப் போட வேண்டுமே தவிர மேலே ஏற்றக்கூடாது. பிறகு அச்சை இரண்டு தாங்கிகள்மேல் வைத்துச் சக்கரத்தைச் சுழல விட்டால் கனமான இடம் கீழே வந்து நிற்கும். நேர் மேலே ஐந்து ஐந்து கிராமாக ஈயத்துண்டு ஒட்டி, எங்கும் நிற்காமல் சுழலும்வரை சரிசெய்தேன்.

சக்கரத்தை மாட்டி, செயினைச் சரிபார்த்து, அச்சு நட்டை டார்க் ரென்ச்சால் கையேட்டுக் கணக்குக்கு முடுக்கிய பின், வண்டியை நகர்த்தும் முன் இரண்டு பிரேக்கையும் பலமுறை அழுத்தி இறுக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரத்தை நுழைக்கும்போது பிரேக் பேட் பின்னே தள்ளப்பட்டிருக்கும். முதல் அழுத்தத்தில் ஒன்றும் பிடிக்காது. புது ரப்பரின் பளபளப்புப் போகும்வரை முதல் 100 மைல் அதிகம் சாய்க்காமல் ஓட்டினேன். காற்று முன்னால் 33, பின்னால் 36. காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்த அளவு. பத்து டிகிரி ஃபாரன்ஹீட் குளிர் கூடினால் ஒரு பி.எஸ்.ஐ. குறையும். அதனால் இங்கே அக்டோபர் கடைசியில் ஒரு முறையும் மார்ச்சில் ஒரு முறையும் கட்டாயம் பார்க்கிறேன். மற்ற மாதங்களில் மனைவி நினைவுபடுத்துகிறாள்.